பலகையைக் கட்டுவதா, விடுவதா? ஒரு கயிற்றின் கதை

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தில் கடல் கிடையாது. ஆனால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போதே மழையை இறக்கி வைத்துவிட்டு, கரிசல் காட்டின் மேல் வறண்டு வீசும் காற்று, அப்படியே கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. சாத்தூர் வழியாக ஓடும் வைப்பாறும் அதே கடலுக்குத்தான் போகிறது. இந்தக் காற்றையும் மார்கழி வாடையையும் நம்பி தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் ஒரு புது விளையாட்டு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் கைட் சர்ஃபிங்.

பெரிய பட்டம் ஒன்று ஆளை இழுக்கும். அவர் காலடியில் ஒரு பலகை. பட்டம் இடுப்புப் பட்டையில் மாட்டப்பட்டிருக்கும். பலகையில் கால் நுழைக்க வார் மட்டும்தான் உண்டு. விழுந்தால் என்ன ஆகும்? பட்டம் ஆளைக் காற்று போகும் பக்கம் இழுத்துப் போய்விடும். பலகை பின்னால், காற்று வரும் பக்கம் தங்கிவிடும். அப்படியானால் பலகையைக் காலோடு கயிற்றால் கட்டிவிட்டால் என்ன? கேள்வி எளிது. பதில் கிடைக்கத்தான் பல காயங்கள் தேவைப்பட்டன.

இந்தக் கேள்வி தமிழ்க் கடலுக்குப் புதிதல்ல. 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை சென்னையில் கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. கரையோர அலைகளைத் தாண்டிக் கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். கட்டைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டுவார்கள். ஆனால் ஆளை மரத்தோடு கட்டமாட்டார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்தி வந்து மீண்டும் ஏறிக்கொள்வார்கள். மரம் மூழ்காது, நீச்சல் கைவிடாது என்ற நம்பிக்கை அது.

உலகின் மறுபக்கத்தில், அலைச்சறுக்கு வீரர்களும் பலகை போனால் நீந்தித்தான் எடுத்துவந்தார்கள். 1971-இல் கலிபோர்னியாவின் பேட் ஓ'நீல் பலகையோடு ஒரு நெகிழும் குழாயைக் கட்டிக் கடலில் இறங்கினார். பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். நீச்சல் தெரியாதவன் கட்டும் கயிறு என்றார்கள். கேலியைவிடப் பெரிய விலையும் இருந்தது. அதே காலகட்டத்தில், நன்றாக இழுபட்ட அந்தக் கயிறு சுண்டி வந்து பலகையை முகத்தில் மோதியதில், பேட்டின் தந்தையும் அலைச்சறுக்கு உடைகளுக்குப் பெயர் பெற்றவருமான ஜாக் ஓ'நீல் இடக்கண்ணை இழந்தார். பிறகு அவ்வளவாக நீளாத கயிறுகள் வந்தன. காலிப் பலகை பாய்ந்து அருகில் குளிப்பவர்களை அடிக்காமல் தடுத்ததால், அலைச்சறுக்கில் கயிறு நிலைத்துவிட்டது.

பிரான்சைச் சேர்ந்த புருனோ, தொமினிக் லெகென்யூ சகோதரர்கள், நீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பும் காற்றடைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். 1997-இல் அது விற்பனைக்கு வந்தது. விளையாட்டு பரவியபோது அலைச்சறுக்கின் கயிறும் கூடவே வந்தது. தவறு அங்கேதான் நேர்ந்தது. அலையில் விழுந்தவரைப் பட்டம் இழுப்பதில்லை. இங்கே பட்டம் ஆளை ஒரு பக்கம் இழுக்க, பலகை தண்ணீரில் சிக்கி மறுபக்கம் நிற்கும். நடுவில் கயிறு கவண் ரப்பர் போல நீளும். பலகை தண்ணீரை விட்டு விடுபட்ட நொடியில் அது பாய்ந்து வரும் இடம், விழுந்தவரின் தலை! பலர் காயப்பட்டார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும் உருளைகளும் வந்தன. ஆபத்து முழுதாகத் தீரவில்லை. கடைசியில் பயிற்சியாளர்கள் பழைய பதிலுக்கே திரும்பினார்கள்: கட்டாதே, திரும்பிப் போய் எடு.

ஆனால் பட்டம் இழுக்கும்போது காற்றை எதிர்த்து எப்படிப் போவது? கட்டுமரக்காரரின் நீச்சல் மட்டும் இங்கே போதாது. பட்டத்தை உச்சியில் நிறுத்தாமல், கடிகாரத்தில் 10 அல்லது 2 இருக்கும் இடத்துக்கு இறக்க வேண்டும். ஒரு கையால் பட்டத்தின் பிடியைப் பிடித்து, மறு கையை நீட்டி, உடம்பை ஒருக்களித்துத் தண்ணீரில் படுக்க வேண்டும். அப்போது உடம்பே படகின் அடிக்கட்டை போல நீரைக் கிழித்து, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வரும் பக்கம் ஏறும். சிறிது தூரம் போனதும் பட்டத்தை மறுபக்கம் மாற்றிக் கையையும் மாற்ற வேண்டும். பாய்மரப் படகு வளைந்து வளைந்து ஏறுவதும் இதே முறையில்தான். அலைகளுக்கு நடுவே பலகை கண்ணுக்குத் தெரியாது. அதனால் விழுந்த உடனேயே கரையில் ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ நேராகக் குறித்துக்கொள்வது நல்லது. பள்ளிகளில் பலகை மேல் நிற்பதற்கு முன்பே இதைத்தான் கற்றுத் தருகிறார்கள்.

எங்கே விழுகிறோம் என்பதும் முக்கியம். கரையை நோக்கி வீசும் காற்றில் தொலைந்த பலகை தானாகவே கரை ஒதுங்கும். ஆனால் அச்சங்குளத்தைக் கடந்து வரும் மேல்காற்று, அதாவது கடலோரத்தார் கச்சான் என்கிறார்களே அது, தூத்துக்குடிக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதில் பலகையை விட்டவர், பலகையோடு தானும் ஆழ்கடல் பக்கம் போகக்கூடும். மீட்புப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்கக் கூடாது. பலகை கைக்கு எட்டாவிட்டால் அதை விட்டுவிட்டு, பட்டத்தின் இழுப்பிலேயே கரைக்குத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். பலகையை விலை கொடுத்து இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்!