விண்மீனும் தெருவிளக்கும்

மாந்தன் தலைநிமிர்ந்து நோக்கக் கற்ற நாள்தொட்டு விண்மீன்கள் அவனுக்கு வழிகாட்டியாய், நாட்காட்டியாய், கடிகாரமாய் நின்று உதவியிருக்கின்றன. அறுமீன் என்றும், எழுமீன் என்றும், வடமீன் என்றும் நம் சங்கச் சான்றோர் அவற்றுக்குப் பெயரிட்டு வழங்கினர். விண்மீன் ஒன்று வீழ்ந்தது கண்டு, தம் சேர மன்னனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சிய கூடலூர் கிழாரின் பாட்டு புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. வானத்தை நாள்தோறும் நோக்கிய இனம் நம் இனம் என்பதற்கு இவை போதுமான சான்றுகளாம்.

அத்தகைய இனத்தில் வந்த நாம் இன்று சீத்தா கேம்பில் இரவு வேளையில் மாடியேறி நின்றால் எத்தனை மீன்களைக் காண்கிறோம்? முகிலற்ற இரவிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இருள் சூழ்ந்த சிற்றூரில் ஒரே வேளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும். எஞ்சியவை எங்கே போயின? அவற்றை யார் துரத்தினர்? மீண்டும் அழைக்க வழியுண்டா? இவற்றையே ஈண்டு வரலாற்று முறையில் ஆராயப் புகுந்தோம்.

புகைவண்டி நிலையத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளும் எமக்கு விண்மீனைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவக்கூடும். உரிமை உண்டு. புகைவண்டிக்கு நேரம் சொல்லிக் கொடுத்ததே விண்மீன்தான்!

சென்னையின் வானிலையம்

1786-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் வில்லியம் பெற்றி என்னும் கும்பினி அதிகாரி தமக்குச் சொந்தமாக ஒரு சிறு வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். பின்னர்க் கும்பினியார் அதனை ஏற்றுக்கொள்ள, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கென்று அங்கே நிறுத்திய பெரிய கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதன்மேல் பொறித்த எழுத்துகளில் தமிழும் ஒன்று என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அந்நிலையத்தின் அன்றாட வேலை யாது? வடக்கு தெற்காக வானில் ஒரு கோடு உண்டெனக் கொண்டு, குறித்த விண்மீன் அக்கோட்டைக் கடக்கும் நொடியைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிப்பார்கள். அந்நொடியைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்துவார்கள். திருத்திய நேரம் தந்திக் கம்பி வழியே நாடெங்கும் செல்லும். 1870-களிலிருந்து இந்திய இருப்புப் பாதைகளில் வண்டிகள் இந்தச் 'சென்னை நேர'ப்படியே ஓடின. கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது அது. பம்பாயின் சொந்த நேரமோ அதற்கு ஏறத்தாழ 30 நிமிடம் பிற்பட்டது. ஆகவே இந்நகரத்தில் வண்டியேற வந்தவர் இரண்டு நேரங்களை மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்தபின்னும் பம்பாய் நகராட்சி 1955 வரை தன் பழைய நேரத்தை விடவில்லை. தமிழ்நாட்டு வானத்தில் ஊர்ந்த மீன்களைப் பார்த்துப் பம்பாய் வண்டிகள் புறப்பட்டன என்றால், அவற்றோடு எம் தொழிலுக்குள்ள உறவு எளிதன்று!

நேரம் காட்டியதோடு அந்நிலையம் நின்றுவிடவில்லை. 1830 முதல் அங்குத் தலைமை வகித்த டெய்லர் பதினோராயிரம் மீன்களின் இடத்தை அளந்து பட்டியல் வெளியிட்டார். 1861-இல் வந்த போக்சன், அவ்வாண்டிலேயே சென்னையிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, ஆசியாவில் முதன்முதல் கண்ட கோள் ஆதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். அவர்கீழ்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும்படி நூல் எழுதியவரும் அவரே.

அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவையெல்லாம் மலையுச்சியில் நடந்தவை அல்ல, நுங்கம்பாக்கத்தில் நடந்தவை. இன்று அதே இடத்தில் நின்று மங்கலான மீன் ஒன்றைத் தேடினால் கடைத்தெருவின் ஒளியே கண்ணில் படும்.

நகரம் விரட்டிய கலை

1899-இல் வானாராய்ச்சி கோடைக்கானல் மலைக்கு ஏறிற்று. ஞாயிற்றை ஆராய்வதற்குத் தூய காற்றும் உயரமும் தேவைப்பட்டதே அதற்குக் காரணம், விளக்கன்று. ஆயினும் நகரத்தை விட்டு விலகும் பயணம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

நம் பம்பாயிலும் இதையொத்த கதை உண்டு. 1826-இல் கொலாபாவில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் பூமியின் காந்த விசையையும் அளந்து வந்தனர். நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் காந்த ஊசியைக் கலக்கிவிடும் என்று தெரிந்தவுடன், 1904-இல் கடலுக்கு அப்பால் அலிபாகில் புதிய நிலையம் கட்டி அவ்வேலையை அங்கே மாற்றினர். இது ஒளியால் வந்த இடையூறன்று. எனினும் நகரத்து மின்சாரம் நுண்ணிய ஆய்வைத் துரத்தியதற்கு இதுவே நம் கண்முன் உள்ள சான்று.

இரவு வானத்துக்கென்று இருளைத் தேடி அலைந்தவர் வைணு பாப்பு என்னும் அறிஞர். கோடைக்கானல் நிலையத்தின் தலைவராய் இருந்த அவர், சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். காட்டுக்கு நடுவே, கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேல் அமைந்த அவ்விடத்தில், தம் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை 1968-இல் நிறுவினார். 1977-இல் யுரேனசுக்கு வளையங்கள் உண்டெனக் கண்ட பணியில் காவலூருக்கும் பங்குண்டு. பாப்பு 1982-இல் மறைந்தார். இந்நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அந்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

காலப்போக்கில் காவலூரைச் சுற்றியும் ஊர்கள் பெருகின, விளக்குகள் பெருகின. 2000-ஆம் ஆண்டில் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கி கண் திறந்தது. எழும்பூர், நுங்கம்பாக்கம், கோடைக்கானல், காவலூர், ஹான்லே என்று வானக்கலை ஏறிச் சென்ற வழியைப் பாருங்கள். இனி ஏற மலை ஏது?

விளக்கைத் திருத்திய ஊர்கள்

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் காண்கிறது. ஓடியது போதும், விளக்கைத் திருத்துவோம் என்று மக்களே முன்வந்தனர். அமெரிக்க நாட்டு அரிசோனாவில் பிளாகஸ்டாப் என்னும் ஊர், தன் அருகில் உள்ள வானாராய்ச்சி நிலையங்களை முன்னிட்டு, 1958-இலேயே விளம்பரத்துக்கு வானில் சுழற்றும் ஒளிக்கற்றைகளைச் சட்டத்தால் தடுத்தது.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு இறுதியில், ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆங்குள்ள சிற்றூர் மக்கள் சாளரங்களுக்குத் திரையிட்டனர், விளக்குகளுக்கு மூடியிட்டனர். அவர்களுள் 24 பேர் தொலைநோக்கியைக் கையாளப் பயிற்சி பெற்று, வருவோர்க்கு வானம் காட்டிப் பொருளும் ஈட்டுகின்றனர்.

நாம் வாழும் மராட்டிய மாநிலமும் பின்தங்கவில்லை. நாகபுரிக்கு அப்பாலுள்ள பெஞ்சு புலிகள் காப்பகம் 2024 சனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்னும் உலக அங்கீகாரம் பெற்றது. வாகோடா, சில்லாரி, பிப்பரியா, காப்பா என்னும் ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கீழ்நோக்கி ஒளிவீசுமாறு மாற்றினர். ஊர் இருண்டு போயிற்றா? இல்லை. வீதி வெளிச்சமாகவே உள்ளது. வானம் மட்டும் தெளிந்தது.

இது எவ்வாறு இயலும் எனின், எம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இருப்புப் பாதையோரம் நிற்கும் சிக்னல் விளக்கின்மேல் சிறு மூடி ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். வண்டி ஓட்டுநர் கண்ணுக்குச் செல்ல வேண்டிய ஒளி அவர் கண்ணுக்கே செல்லும். வானத்துக்கும் வயலுக்கும் போய் வீணாவதில்லை. நம் தெருவிளக்குகளிலும் கட்டட முகப்பு விளக்குகளிலும் பல அப்படியல்ல. மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறும் ஒளி, காற்றில் மிதக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டு, நகரத்தின்மேல் கூரைபோல் படர்கிறது. நீலம் மிகுந்த வெள்ளொளி காற்றில் மிகுதியாகச் சிதறும். மஞ்சள் சாயலுள்ள ஒளி அத்துணை சிதறாது. மூடியும் நிறமுமே இதன் சூட்சுமம். இவ்வொளிக் கூரையால் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் பால்வீதியையே காண இயலாதவராயினர் என்று 2016-இல் அறிஞர் கணக்கிட்டுக் கூறினர். வொர்லியில் 1977-இல் திறந்த நேரு கோளரங்கத்தில் சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்தால்தான் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு முழு வானமும் தெரியும்.

நம் குடியிருப்பு

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்து மக்களை இவ்விடத்துக்குக் கொணர்ந்தபோது இது கழிமுகச் சேறாய்க் கிடந்தது. விளக்கில்லாத அந்நாட்களில் மகளிர் அஞ்சி அஞ்சி வெளியே சென்றதை மூத்தோர் இன்றும் சொல்வார்கள். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் மனு எழுதி எழுதிப் பெற்றனர் நம் முன்னோர். ஆகவே விளக்கை அணையுங்கள் என்று யாம் ஒருபோதும் எழுதமாட்டோம். இரவில் பொதுக் கழிப்பிடத்துக்குச் செல்லும் ஒரு பெண்ணின் காலடியில் விழும் ஒளி, ஆயிரம் விண்மீன்களினும் உயர்ந்தது. அவ்வொளி வானத்துக்குப் போகாமல் அவள் காலடியிலேயே விழட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

சென்ற வைகாசியில் நம் குடியிருப்பில் ஒரு திருமணம். இரவில் மணமக்களை மாடிக்கு அழைத்துச் சென்று அருந்ததி காட்டினார் புரோகிதர். எழுமீனில் ஆறாவதாய் நிற்கும் வசிட்டனை ஒட்டி மங்கலாய் ஒளிரும் சிறுமீன் அது. "தெரிகிறதா?" என்றார். "தெரிகிறது" என்றனர் இருவரும். யாமும் நிமிர்ந்து பார்த்தோம். செம்மஞ்சள் மூட்டமும், தொலைவில் ஆலைச் சுடரின் சாயலுமே தெரிந்தன. பக்கத்தில் நின்ற திருநெல்வேலிப் பாட்டி ஒருவர், "ஏல, தெரியாததத் தெரியுதுன்னு சொல்லியா குடும்பத்தத் தொடங்கணும்?" என்றார். எல்லோரும் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யா வடமீனைச் சான்றாக வைத்த நம் இல்லறம், இன்று ஒரு சிறு பொய்யோடு தொடங்குகிறதே!

இது ஒரு சமயத்தாரின் குறை மட்டுமன்று. பெருநாள் பிறையைத் தேடி இதே மாடிகளில் நிற்பவர் நம் இசுலாமிய உடன்பிறந்தார். ஞானியர்க்கு வழிகாட்டிய விண்மீனை நினைந்து காகித விண்மீன் கட்டித் தொங்கவிடுவோர் நம் கிறித்தவ உடன்பிறந்தார். வானம் மூவர்க்கும் பொதுச்சொத்து.

நாம் செய்யக்கூடியவை எளியவை. வீட்டு வாயிலிலும் கடை முகப்பிலும் விளக்கு மாட்டுங்கால் கீழ்நோக்கி மாட்டுவோம். மூடியுள்ளதாய், மஞ்சள் சாயலுள்ளதாய் வாங்குவோம். விழா விளக்குகளை விழா முடிந்த இரவே அவிழ்ப்போம். வானை நோக்கிச் சாய்ந்துள்ள தெருவிளக்குகளைக் குறித்துவைத்து, திருத்தித் தருமாறு மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டு அலுவலகத்துக்குச் சங்கத்தின் வாயிலாக மனு அளிப்போம். மழைக்காலம் கழிந்து வானம் தெளியும் ஐப்பசி அமாவாசையை அடுத்த ஓரிரவில், கழிமுகப் பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டி, அலங்கார விளக்குகளை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தி வானம் காட்டுவோம்.

இதனால் பம்பாய் வானம் ஹான்லே வானம் ஆகிவிடும் என்று யாம் மயங்கவில்லை. புகையும் தூசியும் மாநகரத்தின் பேரொளியும் நம் கைக்கு அடங்கா. பத்து மீன் தெரிந்த இடத்தில் இருபது மீன் தெரிந்தால் அதுவே நம் வெற்றி. மனு எழுதி விளக்குப் பெற்ற மக்கள் நாம். மனு எழுதி அதற்கு ஒரு மூடியும் பெற நம்மால் ஆகாதா?

இன்று மணமேடை ஏறும் பெண்ணின் மகளாவது ஒருநாள் நம் மாடியில் நின்று, கேட்டவர்க்கு மெய்யாகவே "தெரிகிறது" என்று விடை கூறும் நிலை வருக! அதற்கு ஆவன செய்ய நம் சங்கம் முன்நிற்க!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!