நிழலிலிருந்து சாய்வுக்கு: தொடக்கப் பள்ளியில் பருவங்களை விளக்கும் வரிசை

பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று கேட்டால் பாடநூல்கள் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுகின்றன. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே அது சூரியனைச் சுற்றுகிறது. அதனால் பருவங்கள் தோன்றுகின்றன. விடையில் பிழையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் இதை முதலில் வைப்பது முறையன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த விடையைப் புரிந்துகொள்ள, விண்வெளியில் நின்று பூமியைப் பார்க்கும் கற்பனை வேண்டும். அந்த வயதில் அது எளிதில் கைகூடுவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. குழந்தை தன் தெருவில் காணும் வெயிலையும் மழையையும் சாய்வு மட்டும் விளக்கிவிடாது.

பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள் என்பதற்கு ஒரு பிரபலமான சான்று இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ஒரு தனிப் பிரபஞ்சம்' என்னும் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் என 23 பேரிடம் பருவங்களுக்கோ நிலவின் பிறைகளுக்கோ காரணம் கேட்டார்கள். 21 பேரின் விளக்கத்தில் பிழை இருந்தது. பருவங்களைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் சொன்னது, கோடையில் பூமி சூரியனுக்கு அருகே போகிறது என்பதுதான். அவர்கள் பள்ளியில் சரியான விடையைப் படிக்காதவர்கள் அல்லர். அடுப்பருகே போனால் சுடும் என்ற அனுபவம் பள்ளிக்கு வருமுன்பே குழந்தையின் மனத்தில் ஊறிவிடுகிறது. பின்னால் வரும் பாடம் அதன் மேல் பூசிய சுண்ணாம்பாகவே நின்றுவிடுகிறது.

இந்தத் தவறான எண்ணத்துக்குப் பாடநூல் படங்களும் தூபம் போடுகின்றன. பூமியின் பாதையை முட்டை வடிவத்தில் நீட்டி வரைவது வழக்கம். உண்மையில் அப்பாதையை 10 செ.மீ. அகலத்தில் தாளில் வரைந்தால், அதன் நீளமும் குறுக்களவும் வேறுபடுவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனே அதை விழுங்கிவிடும். சூரியனைத்தான் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். மிக விலகிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. மார்கழிக் குளிரில் கோலம் போடும் நாள்களில்தான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சிட்னியில் சித்தப்பா வீடு இருக்கும் குழந்தைக்கு டிசம்பரில் அங்கே கோடை என்பது தெரிந்திருக்கும். தொலைவுக் கோட்பாட்டை உடைக்க அந்த ஒரு செய்தியே போதும்.

உடைத்தாலும் அது வேறு வேடத்தில் திரும்பி வரும். சாய்வைக் கற்ற மாணவர் பலர், சாய்ந்த பாதி சூரியனுக்கு நெருக்கமாகிவிடுகிறது என்று சாய்வையே தொலைவாக மாற்றிக்கொள்கிறார்கள். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; 15 கோடிக்கு முன் அது ஒரு பொருட்டே இல்லை.

குழந்தையின் மனத்தில் பூமி எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டெல்லா வோஸ்னியாடோவும் வில்லியம் புருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலர் பூமி உருண்டை என்று வாயால் சொன்னார்கள். ஆனால் மனத்துக்குள் தட்டாகவோ, உள்ளே தட்டைத் தரையுள்ள குழிப்பந்தாகவோ, வானில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக இரண்டு பூமிகளாகவோ வைத்திருந்தார்கள். இந்தியக் குழந்தைகளிடம் நடத்தி 1996இல் வெளியான தொடராய்வில், பூமி நீர்மேல் நிற்கிறது என்ற எண்ணமும் தென்பட்டது. உருண்டையே நிலைபெறாத மனத்தில் சாய்ந்த உருண்டையை எங்கே நிறுத்துவது?

இனி இடத்துக்கு வருவோம். என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். லண்டனில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 62 பாகை உயரத்தில் நிற்கிறது; டிசம்பர் 21இல் வெறும் 15 பாகை. பகல் நீளம் பதினாறரை மணியிலிருந்து எட்டு மணிக்கும் கீழே சுருங்குகிறது. நண்பகலில் கிடைமட்டத் தரையில் விழும் ஒளி மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அங்கே வாழும் குழந்தைக்குச் சாய்வு தோலில் உறைக்கும் உண்மை. சென்னையில் அதே நாள்களில் சூரியனின் உயரம் 79.6 பாகை, 53.5 பாகை. நண்பகல் ஒளி ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைகிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே இடைவெளி. கன்னியாகுமரியில் அது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பாடநூல் விளக்கம் உயர் அட்சரேகை நாடுகளுக்காகச் செய்த சட்டை. நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாததைக் கண்டும் தையற்காரரை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்நாடு முழுதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டில் இருமுறை நம் நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11ஐ ஒட்டியும் செப்டம்பர் 1, 2ஐ ஒட்டியும். மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27ஐ ஒட்டி. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து பத்தரைப் பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. சாய்வு மட்டுமே வெப்பத்தைத் தீர்மானித்தால் இந்த நான்கு மாதமும் ஒரே மாதிரிதான் கொதிக்க வேண்டும். நடப்பது அதுவன்று. ஏப்ரலுக்குப் பின் வெயில் ஏறி, மே 4ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரியில் உச்சம் தொடுகிறது. ஜூனுக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் மாலை இடிமழையும் அதைத் தணிக்கின்றன. சூரியன் தருகிறது, கொடுத்ததில் எவ்வளவு தரைக்கு வந்துசேரும் என்பதை மேகமும் ஈரமும் முடிவுசெய்கின்றன.

ஆகவே குழந்தையின் முதல் பாடம் வானத்தில் அல்ல, பள்ளி முற்றத்தில் தொடங்க வேண்டும். ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டு, உச்சிப்பொழுது நிழலின் நுனியை மாதம் ஒருமுறை குறித்து வந்தாலே போதும். சென்னையில் டிசம்பர் 21ஐ ஒட்டி நிழல் வடக்கே 74 செ.மீ. நீளும்; ஜூன் 21ஐ ஒட்டித் தெற்கே 18 செ.மீ. மட்டும். ஒரே குச்சியின் நிழல் திசை மாறுவதைத் தானே கண்டுபிடிக்கும் குழந்தையின் வியப்பை எந்த வண்ணப்படமும் தராது. கடிகாரத்தில் 12 அடித்ததும் குறிக்கக் கூடாது என்பது மட்டும் ஆசிரியருக்கு நினைவிருக்கட்டும். சென்னையில் சூரியன் உச்சத்துக்கு வரும் நேரம் நவம்பரில் 11.53ஐயும் பிப்ரவரியில் 12.23ஐயும் ஒட்டி இருக்கும். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்வதே பிசகாத வழி. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள்கள் இரண்டில் ஏப்ரல் மாதத்தது தேர்வு, விடுமுறை ஆகியவற்றில் கரைந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி நடக்கிறது, மேகந்தான் எதிரி. ஒரு நாள் தவறினால் முன்னும் பின்னும் ஓரிரு நாள் பார்க்கலாம், நிழல் அப்போதும் காலடியிலேயே கிடக்கும்.

சாய்ந்த வெயில் ஏன் சூடு குறைவு என்பதற்கு டார்ச்சும் கட்டம் போட்ட தாளும் போதும். நேராக அடித்தால் சிறு வட்டம், சாய்த்து அடித்தால் நீண்ட மங்கல். ஒரு கரண்டி மாவைச் சின்ன ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், கல் முழுக்கப் பரப்பி முறுகல் தோசையாகவும் இழுக்கலாம். மாவு அதே அளவு, தடிமன்தான் குறைகிறது. தரையிலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, உச்சியில் நிற்கும்போது விழும் இடத்தைப் போல் இருமடங்கு இடத்தில் பரவுகிறது.

அடுத்தது மழை. நம் குழந்தைக்குப் பருவம் என்றால் முதலில் மழையும் மழையில்லாமையும்தான். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. மழை விடுமுறையை ஆவலோடு எதிர்பார்க்கும் பிள்ளைக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணத்தில் மணலும் ஒரு கிண்ணத்தில் நீரும் வெயிலில் வைத்து, பிறகு நிழலுக்கு மாற்றித் தொட்டுப் பார்க்கச் சொன்னால், மணல் விரைவில் சுட்டு விரைவில் ஆறுவது விரலுக்கே தெரியும். செப்டம்பர் 23ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனதும் ஆசியப் பெருநிலம் ஆறத் தொடங்குகிறது, கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கித் திரும்புகிறது; வங்கக்கடலைக் கடக்கையில் ஈரத்தைச் சுமந்து நம் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இறக்குகிறது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1686இலேயே பருவக்காற்றுகளைச் சூரிய வெப்பத்தோடு இணைத்து எழுதினார். இன்றைய வானிலையியல் அதை வெகுவாகத் திருத்தியிருக்கிறது என்றாலும் குழந்தைக்கான முதற்படியாக அது பொய்யில்லை. இந்தச் சங்கிலியின் தொடக்கத்திலும் சாய்வு இருக்கிறது. ஆனால் நிலம், கடல், காற்று என்ற மூன்று கண்ணிகளைத் தாண்டித்தான் அது மழையாகிறது. கண்ணிகளை விட்டுவிட்டு முனையை மட்டும் கையில் கொடுத்தால் குழந்தைக்கு மனப்பாடமே மிஞ்சும்.

மழலையர் நூல்களின் நான்கு பருவப் படங்களும் இங்கே குறுக்கே நிற்கின்றன. பனிமனிதனும் செந்நிற மேப்பிள் இலையும் எந்த ஊர்ப் பருவம்? தொல்காப்பிய மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்து, மழைக்கு முதலிடம் தந்தது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இங்கே பருவத்தைப் பிரிப்பது ஈரமே என்பதை அப்பகுப்பு சரியாகப் பிடித்திருக்கிறது. அதற்காக மரபைக் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கவும் கூடாது. தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம். முற்றத்து நிழலோ டிசம்பர் 22ஐ ஒட்டியே குறையத் தொடங்கிவிடுகிறது. பஞ்சாங்கம் விண்மீன்களை அளவாகக் கொண்டது. பூமியின் அச்சு சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் திசை மாறி வருவதால் இந்த மூன்று வார இடைவெளி சேர்ந்திருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் குழந்தை தன் ஏட்டை நீட்டி இதைக் கேட்டால், ஆசிரியர் மகிழ்ச்சியோடு மாட்டிக்கொள்ளலாம்.

எந்தப் பாடத்தையும் எந்த வயதினருக்கும் அறிவுநேர்மை குலையாத வடிவில் கற்பிக்க முடியும் என்று உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வாதிட்டார். அதை ஏற்றால் சாய்வை ஏன் ஒத்திப்போட வேண்டும் என்று கேட்கலாம். நான் ஒத்திப்போடச் சொல்வது ஆசிரியர் தாமாக முந்திக்கொண்டு சொல்வதைத்தான். சூரியன் ஏன் தெற்கே போகிறது என்று குழந்தையே கேட்கும்போது, வயது எதுவானாலும், சொல்ல வேண்டியதுதான். அப்போது சாய்வு ஒரு கேள்விக்கு விடையாக வரும். நடுவில் விளக்கை வைத்து, பூமி உருண்டையைக் கையில் ஏந்திச் சுற்றி நடக்கும்போது அதன் வடமுனை எப்போதும் வகுப்பின் ஒரே சுவரைக் காட்ட வேண்டும். நடக்க நடக்க அச்சைத் திருப்பி, விளக்கை நோக்கியே சாய்த்து வைப்பது அடிக்கடி நேரும் பிழை. பூமி ஆடுகிறது என்ற புதிய கதை அதிலிருந்தே பிறக்கிறது. உருண்டையில் தமிழ்நாட்டின் மேல் ஒரு ஊசியை ஒட்டி அதன் நிழலைக் கவனித்தால், முற்றத்தில் வடக்கும் தெற்குமாக மாறிய நிழல் அங்கேயும் மாறும்.

தேர்வும் இதற்கேற்ப மாற வேண்டும். 'பருவங்கள் தோன்றக் காரணம் என்ன?' என்ற வினாவுக்கு ஒரு வரி மனப்பாடம் முழு மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு இப்படிக் கேட்கலாம்: சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் உச்சிவேளையில் குச்சிக்கு நிழல் இல்லை, முதல் நாளுக்குப் பிறகு வெயில் ஏறுகிறது, இரண்டாம் நாளுக்குப் பிறகு இறங்குகிறது, ஏன்? மேகம் என்று எழுதும் குழந்தைக்கும், மழையில் நனைந்த தரை என்று எழுதும் குழந்தைக்கும், முதல் நாளுக்குப் பின் பகல் நீள்கிறது, அடுத்ததற்குப் பின் குறைகிறது என்று எழுதும் குழந்தைக்கும் மதிப்பெண் உண்டு. அச்சுச் சாய்வு என்று மட்டும் எழுதினால், அது எப்படி என்று இன்னொரு வரி கேட்க வேண்டும்.