கூலி

செய்த வேலைக்கு ஈடாகப் பெறும் பணமோ தானியமோ கூலி. தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் இச்சொல் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கூலி பெறும் ஆளுக்கே அது பெயராயிற்று. இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களை அரசுப் பதிவேடுகளே அப்படித்தான் குறித்தன. ஆங்கிலத்தின் 'coolie' என்ற சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்தா என்பது தீராத வழக்கு. இழிவு ஏறியது மட்டும் உறுதி.

திருப்பூர் மாவட்டத்து மங்கலத்தில் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வு. பல்லடம், சோமனூரைப் போல இங்கும் விசைத்தறிக்காரர் பலர், ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு நூலைத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று பெறுகிறார்கள். அதுவும் கூலிதான். தறி சொந்தம், வருமானம் கூலி. ஆகவே இவர்கள் 'கூலி விசைத்தறி உரிமையாளர்கள்'. இவர்களுடைய சங்கத்தின் பெயரிலும் அப்படியே. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியவர்கள் இந்த உரிமையாளர்கள்.

அந்தத் தறியை ஓட்டுபவர் வாங்குவதும் கூலியே. உரிமையாளர் பெறும் கூலி உயராமல் தறி ஓட்டுபவரின் கூலி உயர்வது கடினம். முன்னது உயர்ந்தால் பின்னதும் தானாக உயரும் என்பதற்கோ உறுதியில்லை. இப்பகுதியின் தொழிலுறவை ஆராய வருவோர் கூலி எவ்வளவு என்பதோடு, யார் யாருக்குத் தருவது என்றும் கேட்க வேண்டும்.