தென்னையும் எண்ணெய்க் கிணறும்

மார்கழி பிறந்ததும் கெண்டைக்கால் தோல் வெளுத்துப் போகிறது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. அதற்கு நம் வீடுகளில் எடுப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். முன்னதை இயற்கை என்றும் பின்னதை ரசாயனம் என்றும் பிரித்துவைத்து, அவரவர் மனப்போக்குக்கு ஏற்பக் கட்சி சேர்வது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கட்சிக்கோடு பல இடங்களில் அழிந்துபோகிறது.

முதலில் பூர்வீகம். 1859-இல் ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலர் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊருக்குப் போனார். திமிங்கில எண்ணெயை வடித்து விளக்கெரிக்க ஏற்றதாக ஆக்குவது அவர் தொழில். நிலத்தடி எண்ணெய் வந்தபின் அந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை. அங்கே இறைப்புக் கம்பிகளில் மெழுகுபோல ஒரு கசடு படிந்து தொழிலாளிகளுக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டே அதை வழித்தெறிந்தவர்கள், கையில் வெட்டோ சூடோ பட்டால் அதையே எடுத்துத் தடவிக்கொண்டார்கள். செஸ்பரோ அதைச் சுத்திகரித்து 1872-இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். தேங்காய் எண்ணெய்க்கு இப்படி ஒரு பிறந்த தேதியும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை. ஆனால் மலையாளக் கரையில் அது உடம்பில் பூசப்பட்ட அளவுக்கு விளக்கிலும் எரிந்தது. 1830-களில் லண்டனில் அதன் கெட்டிக் கொழுப்பைப் பிரித்து மெழுகுவர்த்தி வார்த்தார்கள். வெளிச்சம் தேடிய மனிதன் கையில் ஒட்டிக்கொண்ட பிசுக்கு என்ற வகையில் இரண்டும் பங்காளிகள்தான். இந்த உறவு வெறும் வரலாற்றுச் சுவையோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு பொருத்தம் சற்று வேடிக்கையானது. செஸ்பரோ நாள்தோறும் ஒரு கரண்டி வாசலின் விழுங்கிவந்தார் என்றும், 96 வயதுவரை வாழ்ந்தார் என்றும் சொல்வார்கள். வயது உண்மை, கரண்டியை யாரும் பின்பற்ற வேண்டாம். பூச வேண்டியதை அவர் தின்றார். நாமோ தின்னத்தக்கதை வாங்கித் தலையில் பூசுகிறோம். சின்னப் புட்டியில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்ற வழக்கு, சேலம் கலால் ஆணையரை ஒரு தரப்பாகக் கொண்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2018-இல் இரு நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. 2024 டிசம்பரில் மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது: புட்டி சிறியது என்பதாலேயே அது கூந்தல் தைலம் ஆகிவிடாது. இரண்டுக்கும் கலால் வரி வேறுபட்டதால் வந்த சண்டை. தீர்ப்பு வந்தபோது ஜி.எஸ்.டி. வரி சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடு, தலைமுடி எண்ணெய்க்கு 18 விழுக்காடு என்று இருந்தது. அடுத்த ஆண்டே தலைமுடி எண்ணெய்க்கும் வரி 5 ஆகிவிட்டது என்பது தனிக் கதை.

தோலுக்கு வருவோம். இரண்டும் வறட்சியைப் போக்குகின்றன. இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வறண்ட தோலுக்குத் தேவை நீர்தான் என்னும்போது இது விசித்திரமாகத் தோன்றும். மேல்தோலின் வெளியடுக்கிலிருந்து நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த அடுக்கின் செல்களுக்கிடையே இருக்கும் கொழுப்பு குறையும்போது ஆவியாவது கூடுகிறது, தோல் வறள்கிறது. வாசலினும் எண்ணெயும் செய்வது போகிற நீரை நிறுத்திவைப்பது மட்டுமே. இந்தத் திறனில் வாசலின் முந்தி நிற்கிறது. ஆவியாவதை 98 விழுக்காடுவரை குறைக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் அதைப் பற்றி எழுதுகின்றன. தாவர எண்ணெய்கள் அந்த அளவை நெருங்குவதில்லை. எண்ணெய் தோலுக்குள் இறங்கும், வாசலின் மேலேயே மூடிக்கிடந்து தோலை மூச்சுமுட்ட வைக்கும் என்பது பரவலான எண்ணம். 1992-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மறுத்தது. பெட்ரோலியம் ஜெல்லியும் வெளியடுக்கின் இடுக்குகளுக்குள் போகிறது. தோல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்வதை அது தடுப்பதில்லை.

வேற்றுமை எங்கே என்று கேட்டால், வெப்பமானியில் இருக்கிறது என்பேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. வாசலின் தரத்துக்குத் தக்கபடி 40 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ உருகுகிறது. நம் தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரியில் இருக்கிறது. அதாவது இரண்டு உருகுநிலைகளுக்கும் நடுவே நம் உடம்பு நிற்கிறது. எண்ணெய் தோலைத் தொட்டதும் இளகி ஓடுகிறது. வாசலின் தொட்ட இடத்திலேயே நிற்கிறது. உள்ளங்கையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீவிவிடலாம். அதே பரப்புக்கு வாசலின் தடவினால் வேட்டி ஒட்டிக்கொள்ளும், வீட்டுத் தூசி எல்லாம் காலில் ஏறும். மாறாக, உதட்டிலும் விரல் கணுவிலும் வைத்த எண்ணெய் சற்று நேரத்தில் காணாமல் போகிறது. வாசலின் விடியும்வரை இருக்கிறது. இதில் ஒரு முரண் உண்டு. தோல் அதிகம் வறளும் குளிர்காலக் காலையில்தான் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டுவார்கள், வெயிலில் வைப்பார்கள், வெந்நீர்ச் செம்புக்குள் நிறுத்துவார்கள். வாசலின் டப்பாவுக்கு ஊட்டியும் ஒன்றுதான், மதுரையும் ஒன்றுதான்.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? 2004-இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோல் கொண்ட 34 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்கு மினரல் ஆயிலும் கொடுத்து, நாளுக்கு இருவேளை, இரண்டு வாரம் காலில் பூசச் செய்தார்கள். மினரல் ஆயில் வாசலினின் நேர்த் தம்பி. அதே கச்சா எண்ணெயின் திரவ வடிவம். யார் எதைப் பூசினார் என்பது பூசியவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. கட்சி கட்டியவர்கள் இரு பக்கமும் ஏமாந்திருப்பார்கள்.

கரப்பான் என்று நாம் சொல்லும் அழற்சித் தோலில் மட்டும் தராசு சாய்கிறது. அதே நாட்டில் 117 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்தில் நோயின் கடுமை தேங்காய் எண்ணெயால் 68 விழுக்காடும் மினரல் ஆயிலால் 38 விழுக்காடும் குறைந்தது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதியளவு லாரிக் அமிலம். அது கிருமிகளை அடக்கும். அத்தகைய தோலில் குடியேறும் கிருமி ஒன்று, 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வின் தொடக்கத்தில் 20 பேரிடம் இருந்தது. நான்கு வாரம் தேங்காய் எண்ணெய் பூசியபின் ஒருவரிடம் மட்டுமே மிஞ்சியது. தென்னை வளர்க்கும் நாடு தென்னையைப் பற்றிச் செய்த ஆய்வுகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிக்கலாம். முறையில் குறை சொல்ல அது காரணமாகாது. வாசலினுக்குக் கிருமியோடு பகையும் இல்லை, உறவும் இல்லை. அந்த நடுநிலையே சில இடங்களில் அதற்குச் சாதகம். முகத்தில் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைத்துப் பரு கிளப்பும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள் தீனி. வாசலின் இரண்டையும் செய்வதில்லை.

எதைப் பூசுவது என்பதைவிட எப்போது பூசுவது என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எண்ணெய் நம் வழக்கில் குளியலுக்கு முந்தியது: தேய்த்து, ஊறவைத்து, வெந்நீரும் சீயக்காயும் போட்டு எடுத்துவிடுவோம். வாசலின் குளியலுக்குப் பிந்தியது: பூசினால் அப்படியே விட்டுவிட வேண்டும். முன்னதற்கு வாரத்தில் ஒரு நாள், ஆணுக்குச் சனி, பெண்ணுக்குச் செவ்வாய் அல்லது வெள்ளி. பின்னதற்குக் கிழமை கிடையாது. முன்னால் பூசிய எண்ணெய், சோப்பு உரித்தெடுக்கும் தோலின் சொந்தக் கொழுப்பைக் காக்கிறது. சோப்பின் பி.எச். அளவு 9, 10 என்ற காரத்தில் நிற்க, தோலின் இயல்பு 5-ஐ ஒட்டிய மென்புளிப்பு என்பதை நினைத்தால் அந்தக் காவல் சிறியதல்ல. பின்னால் பூசிய வாசலின், குளித்தபோது தோல் குடித்த நீரைப் பூட்டிவைக்கிறது. அதனால்தான் துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், ஈரம் காயுமுன் பூசச் சொல்கிறார்கள். இரண்டு காவலும் வேண்டும். ஆனால் சனிக்கிழமை தேய்த்த எண்ணெய் புதன்கிழமை வறட்சிக்கு நிற்காது. பிலிப்பைன்ஸில் எண்ணெய் வென்றது வாரச் சடங்காக அல்ல, வாசலினைப்போல நாள்தோறும், கழுவாமல் விட்டபோதுதான். வறட்சி உள்ளவர் எண்ணெயை விடவேண்டியதில்லை. அதைக் குளியலின் மறுபக்கத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.

விளக்கு உறவுக்கு வருகிறேன் என்றேன். நாள்தோறும் பூசுகிறவரின் போர்வையிலும் தலையணை உறையிலும் கொழுப்பு ஊறுகிறது. பஞ்சுத்துணி, அதில் கொழுப்பு: திரிக்கு வேறென்ன வேண்டும்? பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் வாசலின் இனமான பாரஃபின் கலந்த களிம்புகளுக்குத்தான் தீ எச்சரிக்கை விடுத்தது. 2018-இல் அது பாரஃபின் இல்லாத தோல் களிம்புகளுக்கும் நீட்டப்பட்டது. கொழுப்பு ஊறிக் காய்ந்த துணி எளிதில் பற்றி வேகமாக எரிகிறது. ஒருமுறை துவைத்தால் முழுக்கப் போவதுமில்லை. படுக்கையில் பீடி பிடிக்கும் தாத்தாவுக்கும், குத்துவிளக்கருகே உட்காரும் பாட்டிக்கும் கால் நீவிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தென்னை என்றாலும் கிணறு என்றாலும் தீக்குப் பேதம் இல்லை.

இப்படி மேலே பூசுவதே தோற்கும் இடங்களும் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலாண்டு முழுக்க நாள்தோறும் களிம்பு பூசினால் கரப்பான் வராமல் தடுக்கலாமா என்று பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது. குதிகால் பித்தவெடிப்பில், தடித்துக் காய்ந்துபோன தோலுக்குள் நிறுத்திவைக்க நீரே இல்லாதபோது, மேலே எதைப் பூசி மூடினாலும் பயன் குறைவு. அங்கே நீரை இழுத்துப் பிடிக்கவும் தடித்த தோலை இளக்கவும் யூரியா கலந்த களிம்பு வேண்டும். அதைக் கால் ஊறவைத்துத் துடைத்தபின் பூசி, அதன்மேல் வேண்டுமானால் வாசலினோ எண்ணெயோ வைத்து, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் வெடிப்பு ஆழமாக இருந்தால் அதையும் செய்யுமுன் மருத்துவரிடம் காலைக் காட்டிவிட வேண்டும்.