கார்சியாவைத் தேடிப் போனவர்

நல்ல ஊழியருக்கு இலக்கணம் சொல்லும் நூல்களின் முன்னோடிகளுள் ஒன்று, சில பக்கங்களே கொண்ட 'எ மெசேஜ் டு கார்சியா'. நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் அரோராவில் அச்சகம் நடத்திய எல்பர்ட் ஹப்பார்ட், 1899 மார்ச்சில் தம் 'பிலிஸ்டைன்' இதழில் தலைப்புக்கூட இல்லாமல் இதை வெளியிட்டார். அவர் அதற்கு முன் சோப்புக் கம்பெனி ஒன்றில் விற்பனையைக் கவனித்தவர்.

முந்தைய தலைமுறை படித்த சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ப் ஹெல்ப்' (1859), ஏழைத் தொழிலாளியும் உழைப்பால் உயரலாம் என்றது. ஹப்பார்டின் காலத்துக்குள் ரயில்வேக்களும் பெரிய கம்பெனிகளும் ஆயிரக்கணக்கானோரைச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டன. அங்கே தேவைப்பட்டது வேறு பாடம்.

1898-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, கியூபக் காட்டில் எங்கோ இருந்த கிளர்ச்சித் தளபதி கார்சியாவுக்கு அமெரிக்க அதிபர் மெக்கின்லி கொடுத்த கடிதத்தை, 'அவர் எங்கே இருக்கிறார்?' என்றுகூடக் கேட்காமல் வாங்கிச் சென்றார் லெப்டினன்ட் ரோவன். ஹப்பார்ட் சொல்லும் கதை இவ்வளவுதான். மீதிப் பக்கங்களில், சின்ன வேலைக்கும் நூறு கேள்வி கேட்கும் குமாஸ்தாக்கள் மீது எரிந்து விழுகிறார்.

நடந்ததோ வேறு. உத்தரவு இராணுவ உளவுப் பிரிவிலிருந்து வந்தது. ரோவன் கையில் அதிபரின் கடிதம் எதுவும் இல்லை. ஜமைக்காவிலிருந்து படகில் கொண்டுசேர்த்ததும், மலைகளைக் கடந்து பயாமோ நகர்வரை வழிகாட்டியதும் கியூபர்கள். கேட்காமலும் துணையில்லாமலும் முடிந்த காரியமல்ல அது.

இந்தப் பிழை விற்பனையைத் துளியும் பாதிக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஜார்ஜ் டேனியல்ஸ் 1,00,000 பிரதிகள் கேட்டார். ஹப்பார்டின் சிறிய அச்சகத்தால் அது முடியாததால், ரயில்வேயே அச்சிட்டு லட்சக்கணக்கில் பரப்பியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. 4 கோடிப் பிரதிகள் அச்சாகிவிட்டதாக 1913-இல் ஹப்பார்ட் எழுதினார். விற்பனையாளரின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில், 'லூசிடானியா' கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது அவரும் இறந்தார்.

வாங்கியவர் முதலாளி, படிக்கவேண்டியவர் ஊழியர். கேள்வி கேட்காத பணிவு இவ்வளவு புகழப்பட்டதற்குக் காரணம் இதுதான். டேல் கார்னகி 1912-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் தொடங்கிய மாலை வகுப்புகளுக்கோ, வந்தவர்களே கட்டணம் கட்டினார்கள். அந்த வகுப்புகளிலிருந்து 1936-இல் பிறந்த 'ஹவ் டு வின் பிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' நூலில் பாடமும் மாறியது: உத்தரவை நிறைவேற்றும் வித்தை போய், மேலதிகாரி உட்பட எல்லோரையும் தன் வழிக்குக் கொண்டுவரும் வித்தை வந்தது.