மிச்சத்துணியின் வரலாறு

அலபாமாவில், மூன்று புறமும் ஆறு சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள் பழந்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வைகள் தைத்துவந்தனர். கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1966இல், அவ்வட்டாரத்தில் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றியது.

1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் தலையணை உறைகளைத் தைத்துத்தர அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. உறைகள் யாவும் ஒன்றுபோல் அமையவேண்டும். தைப்பவரின் கற்பனைக்கு அங்கு இடமில்லை. ஆனால், வெட்டியபின் எஞ்சிய பொன்மஞ்சள், இலைப்பச்சை, ஆரஞ்சு, சிவப்புத் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன; அவரவர் விருப்பப்படி போர்வைகளாயின.

2002இல் ஹூஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்களைப்போல் சுவரேறின. ஒப்பந்தம் ஈட்டித்தந்தது கூலி. அப்பெண்களின் கைவண்ணத்தைக் காத்துவைத்ததோ மிச்சத்துணி. உழைப்பின் வரலாற்றை விற்பனைக் கணக்கை மட்டும் கொண்டு எழுதிவிட முடியாது.