பஹாரி ஓவியங்கள்: ஆனந்த குமாரசுவாமியின் நோக்குப் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

இமயத்தின் மேற்கு அடிவாரத்திலே, இன்றைய இமாசலப் பிரதேசத்தையும் ஜம்முவையும் சார்ந்த சிறு மலையரசுகளில், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஓர் ஓவியமரபு செழித்திருந்தது. பசோலி, குலேர், காங்ரா, சம்பா, ஜஸ்ரோட்டா முதலிய அரசவைகளில் வளர்ந்த இம்மரபே பஹாரி ஓவியம் எனப்படுகிறது. கைக்கடங்கும் தாள்களில் தீட்டப்பெற்ற இவ்வோவியங்களில் மலைநாட்டு வாழ்க்கையும், அந்நாட்டுக் கட்டடங்களும், காதலின் அகவுணர்வும் ஒருங்கிணைந்துள்ளன. இவ்விணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இவ்வோவியங்களை உலகம் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1916இல் வெளிவந்த 'ராஜபுத்திர ஓவியம்' என்னும் நூலில் அவர் இவற்றை முகலாய ஓவியத்தினின்றும் வேறுபடுத்திக் காட்டினார். முகலாய ஓவியம் அரசவை சார்ந்தது, உலகியற் பாங்கானது. ராஜபுத்திர ஓவியமோ மக்களின் சமய வாழ்விற் கிளைத்தது, ஆன்மிகமானது என்பது அவர்தம் முடிபு. இந்தியக் கலையை இழிவாக நோக்கிய குடியேற்றவாதிகளுக்கு எதிராக இம்முடிபு ஆற்றிய பணி பெரிது. ஆயினும் ஓவியத்தை ஆன்மாவின் வெளிப்பாடாகக் கண்டமையால், அதனைத் தீட்டிய கை பின்னொதுங்கிவிட்டது.

ஓவியங்களையே சான்றாகக் கொள்வோம். 1694-95இல் தேவிதாசன் என்னும் ஓவியன் பசோலி அரசன் கிருபால் பாலுக்காகப் பானுதத்தரின் 'ரசமஞ்சரி'க்குச் சித்திரங்கள் தீட்டினான். நாயக நாயகியரின் நிலைகளை வகைப்படுத்தும் இவ்வடமொழி நூல், பசோலியிலே செதுக்குவேலை அமைந்த கதவுகளும் பின்னற் சாளரங்களும் மாடங்களும் உடைய வீடுகளிற் காட்சியாகிறது. தலைவியின் உள்ளக் கொதிப்பைச் செந்நிறமும் மஞ்சள் நிறமும் உணர்த்துகின்றன. அவளுடைய தனிமையைச் சுவரும் வாயிலும் உணர்த்துகின்றன. நூல் கூறும் மெய்ப்பாட்டிற்கு ஓவியன் கொடுத்த உருவம், தான் கண்டு பழகிய கட்டடமே.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1790ஆம் ஆண்டளவில் தீட்டப்பெற்ற காங்ரா ஓவியமொன்று பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையில் உள்ளது. அந்திப்பொழுதில் கண்ணன் ஆநிரையுடன் ஊர்திரும்புகிறான். சாளரங்களிலும் மாடங்களிலும் நின்று சில பெண்கள் அவனை நோக்குகின்றனர். குடஞ்சுமந்து வீதியிற் செல்லும் பெண்களும் உளர். காத்திருக்கும் உணர்வு யாவர்க்கும் பொதுவாயினும், சாளரத்துப் பெண்ணின் நிலை வேறு, குடம் சுமக்கும் பெண்ணின் நிலை வேறு. உயர்குலப் பெண்டிரை அகத்தினுள் அடைத்த ராஜபுத்திர சமுதாயத்தில், சாளரம் வெறும் அலங்காரமன்று. பிரிவுத் துயரின் பின்னணியில் இத்தகைய சமூக உறவும் இருந்தது.

இனி, தீட்டியவர் யார்? 1968இல் பி.என். கோஸ்வாமி 'மார்க்' இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவிற்குப் புதிய விடையளித்தது. ஹரித்துவாரிலே யாத்திரிகரின் குலவரலாற்றைப் பதிந்துவந்த புரோகிதர்களின் ஏடுகளை ஆராய்ந்த அவர், ஓவியர் குடும்பங்களின் வழிமுறையை மீட்டெடுத்தார். பாணிக்கு அடிப்படை அரசவையன்று, குடும்பமே என்பது அவரது வாதம். குலேரைச் சேர்ந்த பண்டிட் சேயு, அவர்தம் மைந்தர் மனாக்கு, நைன்சுக் ஆகியோர் தச்சர் குலத்தவர். செதுக்குக் கதவுகளும் சாளரங்களும் இவர்தம் குலத்தொழிலோடு உறவுடையன என்பது மனங்கொள்ளத்தக்கது.

நைன்சுக் ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங்குக்காகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். தாடி திருத்தப்பெறுவதும், குளிருக்குப் போர்வை சுற்றித் தீயின் முன் அமர்ந்திருப்பதுமாகிய எளிய நிலைகளிலும் அவனைத் தீட்டினார். கடவுளர்க்குரிய அகவுணர்வு ஈண்டு சாதாரண மனிதனுக்கும் உரியதாகிறது. முகலாயப் பயிற்சியின் சாயல் இவ்வோவியங்களிலே தெளிவாகத் தெரிவதால், குமாரசுவாமி வகுத்த எல்லைக்கோடு நிலைக்கவில்லை. 1763இல் தம் புரவலனின் அஸ்தியோடு ஹரித்துவாருக்குச் சென்ற நைன்சுக், அங்குள்ள ஏட்டிலே தம் பதிவை விட்டுச் சென்றார். 'பெயரற்ற ஆன்மிகக் கலைஞன்' என்னும் கற்பனைக்கு இப்பதிவே மறுப்பாகும்.

இக்கலையைத் தாங்கிய பொருளியல் அடித்தளம் மலைநாட்டு உழவனின் நிலவரியும் 'பேகார்' எனப்பட்ட கூலியற்ற கட்டாய ஊழியமுமே. காங்ராவின் சன்சார் சந்த் 1775இல் அரசுகட்டிலேறி, 1786இற் கோட்டையைக் கைப்பற்றியபின் ஓவியம் உச்சநிலை எய்தியது. கூர்க்கர் படையெடுப்பின் முடிவில், 1809இல் அக்கோட்டை ரஞ்சித் சிங்கின் வசமாகியது. 1846இல் ஆங்கிலேயர் காங்ராவைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தனர். புரவலர் வீழ்ந்ததும் ஓவியக் குடும்பங்கள் நலிந்தன. ஆன்மா மட்டும் நின்று கலையைக் காப்பாற்றவில்லை.

ஆயினும், இவை நிலமானியப் பிரபுக்களின் இன்பக் கேளிக்கை என்று மட்டும் கூறி ஒதுக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதமே. புரவலன் பொருளும் கருப்பொருளும் தந்தான். ஆனால் யமுனைக் கரையைக் காங்ராப் பள்ளத்தாக்காக்கியதும், குடஞ்சுமப்பவளையும் காட்சிக்குள் நிறுத்தியதும் கைவினைஞனின் அனுபவமாகும்.

கண்டியக் கைவினைஞரின் குலத்தையும் ஊழியநிலத்தையும் 1908இலேயே நுணுகிப் பதிந்தவர் குமாரசுவாமி. மலையோவியரைப் பற்றி அத்தகைய சான்றுகள் 1916இல் அவர் கைக்கு எட்டவில்லை. அவை இன்று நமக்குக் கிடைத்துள்ளன. எனவே அவருடைய கண்டிய ஆய்வின் முறையை அவருடைய பஹாரி ஆய்வின்மீது பிரயோகிப்பதே, அவர்தம் பணியை முன்னெடுத்துச் செல்லும் வழியாகும்.